கடல் இழுத்ததை யார் பார்த்தது?

சந்தானம் சார், நீங்கள் பொய் சொல்கிறீர்கள். மைக் பிடித்து, பின்னால் பெரிய திரையில் ஏறிக்கொண்டே போகும் ஒரு கோடு காட்டி, நூறு பேர் கைதட்ட, பொய் சொல்கிறீர்கள். "எங்கள் சோதனையில் கடல் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டதை ஒரகடத்தில் இருக்கும் ஒரு பரிசோதனைக் கூடம் சரிபார்த்து உறுதி செய்தது" என்கிறீர்கள். அந்தக் கூடம் எங்கள் கூடம். நாங்கள் அப்படி எதையும் உறுதி செய்யவில்லை.

அந்த வீடியோவை எனக்கு அனுப்பியவன் முத்துராஜ். என்னோடு வேலை பார்த்தவன், தூத்துக்குடிப் பையன், இப்போது இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். "பாத்தியளா யக்கா, ரெஜினா மேடம் பேரையும் சேத்துச் சொல்லுதாரு" என்று அதோடு எழுதி அனுப்பியிருந்தான். அதைப் படித்ததும்தான் எனக்கு ரத்தம் கொதித்தது. என் பேரைச் சொல்லியிருந்தால்கூட விட்டிருப்பேன். ஓய்வு பெற்றுப் படப்பையில் வீட்டோடு கிடப்பவள் பேரை வைத்து யார் என்ன செய்துவிட முடியும்? அன்றைக்கு எங்கள் தலைவராக இருந்த ரெஜினா மேடம் இன்னும் வேலையில் இருக்கிறார். அவர் கையெழுத்துக்கு மதிப்பு இருக்கிறது. அந்த மதிப்பைத்தான் நீங்கள் எடுத்துச் செலவழிக்கிறீர்கள்.

கோபத்தில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அந்த நாள்களை நினைத்தால் சிரிப்பும் வந்து தொலைக்கிறது. இரண்டும் கலந்துதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களைத் தெரியாதவர்களும் படிக்கட்டும் என்று, நடந்ததை எல்லோருக்கும் பொதுவாகச் சொல்கிறேன்.

நான் ஒரகடத்துக்கு வந்தது 2006-இல். அதற்கு முன் அம்பத்தூரில் ஒரு பட்டறையில் அழுத்தம் காட்டும் பிரஷர் கேஜ்களைப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தேன். கார் கம்பெனிகள் இந்தப் பக்கம் வர, அவற்றின் பின்னாலேயே எங்களைப் போன்ற கூடங்களும் வந்தன. பயிற்சி என்று சொல்லி பெங்களூரில் கொஞ்ச நாள் உட்கார வைத்தார்கள். இட்லி நன்றாக இருந்தது. அவ்வளவுதான் பயிற்சி.

எங்கள் வேலையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். கருவி உண்மை பேசுகிறதா என்று பார்ப்பது. தராசு, தெர்மாமீட்டர், தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். மீட்டர், எல்லாம் வரும். ஊரெல்லாம் மீட்டர் காட்டுவதைப் பார்க்கும். நாங்கள் மீட்டரையே பார்ப்போம்.

ரெஜினா மேடம் எங்கள் பிரிவுக்குத் தலைவராக வந்தபோது எனக்குக் கொஞ்சம் எரிச்சல். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். கடல் வேதியியல் படித்துவிட்டு, கடலே இல்லாத ஊரில் வந்து மாட்டிக்கொண்டவர். எப்போதும் தும்மிக்கொண்டே இருப்பார். வல்லம் வடகால் பக்கம் தொழிற்பேட்டைக்காக வயலைக் கிளறிப் போட்ட புழுதி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு தும்மலுக்கு நடுவில் ஒரு கேள்வி கேட்பார். எப்போதும் ஒரே கேள்விதான்.

"பார்த்தீங்களா அக்கா, நெனச்சீங்களா?"

எந்த எண்ணைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் இதுதான். பார்த்தது என்றால் எழுதலாம். நினைத்தது என்றால், நினைத்தோம் என்று எழுத வேண்டும். இரண்டையும் கலந்து எழுதினால் அன்றைக்குக் காப்பி கிடையாது. கத்த மாட்டார், திட்ட மாட்டார். காப்பி தர மாட்டார். அவர் போடும் காப்பிக்காகவே நாங்கள் ஒழுங்கானோம்.

ஒருமுறை ஒரு பெயின்ட் தொழிற்சாலைக்குப் போனோம். அங்கே கழிவுநீர் வெளியேறும் இடத்தில் ஒரு பி.எச். மீட்டர். வருடம் முழுக்க ஏழு என்றே காட்டிக்கொண்டிருந்தது. ஏழு என்றால் அமிலமும் இல்லை, காரமும் இல்லை, சுத்தத் தண்ணீர் மாதிரி. ஆபரேட்டர் பெருமையாக நின்றார். மேடம் எண்ணைப் பார்க்கவே இல்லை. மீட்டரிலிருந்து போகும் ஒயரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். எங்கள் வேன் டிரைவர் ஏகாம்பரம், வல்லம் ஊர்க்காரர், எதற்கென்று தெரியாமல் பின்னாலேயே போனார். ஒயர் வாய்க்கால் பக்கமே போகவில்லை. ஒரு பம்பைச் சுற்றி, சுவரைத் தாண்டி, நிழலான ஒரு மூலையில் ஒரு பிளாஸ்டிக் ஜக்குக்குள் முடிந்தது. ஜக்கில் போர்வெல் தண்ணீர். மீட்டரின் நுனி அதற்குள் சுகமாக ஊறிக்கொண்டிருந்தது.

"இன்னா மேடம் இது," என்றார் ஏகாம்பரம். "ஆஸ்பத்திரில டிரிப் ஏத்தி படுக்க வச்ச மாரி கீது."

ஆபரேட்டரே சிரித்துவிட்டார். மேடமும் தும்மிக்கொண்டே சிரித்தார். திரும்பி வரும் வழியெல்லாம் வேனில் சிரிப்புதான். அன்றிலிருந்து எனக்கு இந்த வேலை பிடித்துப்போனது. அதுவரை சம்பளத்துக்குப் போனேன். அதன்பிறகு ஆசைக்குப் போனேன்.

2011 வாக்கில் சந்தானம் சார் வந்தார். ஒரு சின்னக் கம்பெனியின் இயக்குநர். கடல் சுண்ணாம்புக் கம்பெனி என்று நாங்கள் பெயர் வைத்தோம். நல்ல பேச்சுக்காரர், அதை மறுக்கவில்லை. அவர் சொன்னதும் நல்ல விஷயம்தான். காற்றில் கரியமில வாயு ஏறிக்கொண்டே போகிறது. அதில் ஒரு பங்கைக் கடல் தானாகவே இழுத்துக்கொள்கிறது. இழுக்க இழுக்கக் கடல் கொஞ்சம் கொஞ்சமாக அமிலத்தின் பக்கம் சாய்கிறது. அதில் சுண்ணாம்பைக் கரைத்தால் சாய்வு குறையும். குறைந்தால், அந்தத் தண்ணீர் இன்னும் கொஞ்சம் வாயுவை இழுக்கும். ஈசிஆர் கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு மீனவர் குப்பத்துக்கு எதிரே, கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, சில டிரம் சுண்ணாம்புப் பால் ஊற்றிச் சோதனை செய்யப் போகிறோம், நீங்கள் அளந்து தர வேண்டும் என்றார்.

காப்பி கொண்டுவந்த ஏகாம்பரம் நின்று கேட்டார். "சுண்ணாம்பு சரி சார், கடலுக்கு வெத்தல பாக்கு யாரு தர்றது?"

சந்தானம் சாரும் சிரித்தார். நல்ல மனுஷன்தான் அப்போது.

அவர் கேட்டது ஒரு மீட்டர். மேடம் இரண்டு வேண்டும் என்றார்.

"ஒண்ணு போதாதா மேடம்? ஊத்துற இடம் ஒண்ணுதானே?"

"கடல் சும்மா இருக்கும்போதே ஏறும், இறங்கும் சார். நீங்க ஊத்துனதால ஏறுச்சா, அதுவா ஏறுச்சான்னு தெரியணும்ல. ஊத்தாத இடத்துல ஒண்ணு வேணும்."

"செலவாகுமே."

"இல்லன்னா ஊத்தாதீங்க."

இப்படி முகத்துக்கு நேரே சொல்பவரை நான் அதுவரை பார்த்ததில்லை. சந்தானம் சார் ஒத்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கேஜ் துடைத்தே காலம் போய்விடும் என்று இருந்தவளுக்குக் கடலையே சோதிக்கும் வேலை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடமெல்லாம் சொன்னேன். செங்கல்பட்டு பஸ்ஸில் ஒரு அம்மா, "கடலுக்கு ஜுரம் பாக்கப் போறியாம்மா" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

இரண்டு மீட்டரும் முதலில் ஒரே தொட்டியில் ஒன்றாக ஊற வேண்டும். ஒரே தண்ணீரில் இரண்டும் ஒரே எண்ணைச் சொல்கிறதா என்று பார்க்காமல் கடலில் இறக்கக் கூடாது. தொட்டிக்குக் கடல் தண்ணீர் வேண்டும். ஏகாம்பரம் வேனில் கேன் கேனாகக் கொண்டுவந்தார். மூடி சரியில்லை. படப்பை வரைக்கும் ரோட்டில் கடல் ஒழுகிக்கொண்டே வந்தது. வேனில் அடித்த மீன் நாற்றம் தீபாவளி வரை போகவில்லை. காலையில் வந்ததும் முதல் வேலை, நானும் முத்துராஜும் தொட்டிப் பக்கம் ஓடுவது. இரண்டும் ஒரே எண் காட்டினால் அவன் கையைத் தட்டுவான். ஊற்றும் இடத்துக்குப் போகப்போகும் மீட்டருக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தவன் அவன்தான். தள்ளி நின்று பார்க்கும் மற்றதற்கு மாப்பிள்ளைத் தோழன். கடைசியில் மேடமே அப்படித்தான் சொன்னார்.

இரண்டையும் கடலில் இறக்கப் போன அன்று எல்லோருக்கும் வாந்தி. அந்தக் குப்பத்துப் படகுக்காரர் தேசப்பன் ஒருவர்தான் நிமிர்ந்து நின்றார். முத்துராஜுக்குக்கூட வாந்தி. "கடக்கரையில பொறந்தா போதாதா, கடலுக்குள்ளயா பொறந்தேன்?" என்றான். மேடம் படகின் ஓரத்தில் குனிந்து எடுத்துவிட்டு, முகத்தைக் கழுவி, உடனே, "அக்கா, பாட்டில்ல குமிழி இருக்கா பாருங்க" என்றார்.

அந்தப் பாட்டில்கள் அவர் பிடிவாதம். மீட்டர் இருக்கும் இரண்டு இடத்திலும் பாட்டிலில் தண்ணீர் பிடிக்க வேண்டும். குமிழி நுழையாமல் மூட வேண்டும். நுழைந்தால் அதிலிருக்கும் காற்று தண்ணீரின் கணக்கை மாற்றிவிடும். உள்ளே இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் மூச்சுவிட்டு மாற்றாமல் இருக்க ஒரு சொட்டு விஷம். பிறகு அது கடல் தண்ணீர் பரிசோதிக்கும் வேறொரு கூடத்துக்குப் போகும். மீட்டர் ஒரு சாட்சி, பாட்டில் இன்னொரு சாட்சி. இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துப் பேசாமல் இருக்க வேண்டும் என்பார்.

ஊற்றுவதற்கு முன்பே பல வாரம் அளந்தோம். சந்தானம் சார் போனில் பொறுமை இழந்தார். ஒரு நாள் ஊற்றினார்கள். பச்சைக் கடலில் வெள்ளையாக விரிந்தது. ரொம்ப அழகு. தேசப்பன் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு மேடத்திடம் கேட்டார்.

"ஏம்மா, இது எங்க போவுது, இன்னா ஆவுதுன்னு எங்களுக்கும் வந்து சொல்லுவீங்கதான?"

"சொல்றோம் அண்ணா," என்றார் மேடம்.

மாப்பிள்ளையின் எண் குதித்து ஏறியது, அதாவது அமிலச் சாய்வு குறைந்தது. நாங்கள் படகிலேயே ஆடினோம். இரண்டு மூன்று நாளில் எண் பழையபடி இறங்கியது. தண்ணீர் ஓரிடத்தில் நிற்குமா? ஓடிவிட்டது. ஆனால் அதன்பிறகு மாப்பிள்ளை மெல்ல மெல்ல ஏறத் தொடங்கியது. நாளுக்கு ஒரு துளி. இறங்கவே இல்லை. சந்தானம் சார் தினமும் போன் செய்தார். கடல் மாறிவிட்டது, நம் சுண்ணாம்பு வேலை செய்கிறது என்று ஒரே கொண்டாட்டம். தோழனும் கொஞ்சம் ஏறியது, அந்த அளவுக்கு இல்லை. மேடம் பாட்டில் கணக்குக்காகக் காத்திருந்தார்.

இங்கே எங்கள் தொழிலின் ஒரு விதியைச் சொல்ல வேண்டும். கடலில் கிடந்த மீட்டர் திரும்பி வந்தால் கழுவக் கூடாது. பாசி, சிப்பி போல ஒட்டி வளரும் கொட்டலசு, சேறு, எல்லாம் ஒட்டியிருக்கட்டும். வந்த கோலத்திலேயே, அளவு தெரிந்த ஒரு கரைசலில் வைத்து என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். அதன்பிறகு கழுவி மறுபடி பார்க்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கருவியின் பொய். அந்தப் பொய்யைக் கழித்தால்தான் கடலின் உண்மை. அழுக்கைக் கழுவிவிட்டால் சாட்சியைக் கொன்ற மாதிரி. மாப்பிள்ளையை அனுப்பும்போதே பெட்டி மேல் நானே பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன். கழுவாதே. துடைக்காதே. தொடாதே.

மழைக்காலம் வரப்போகிறது என்று கருவிகளை எடுக்க வேண்டிய நேரம். தோழனை நாங்கள் போய் எடுத்தோம். மாப்பிள்ளையை அதற்கு முன்பே தங்கள் ஆட்களே எடுத்துவிட்டதாகக் கம்பெனியில் சொன்னார்கள். ஆயுத பூஜை முடிந்த மறுநாள் பெட்டி வந்தது. முத்துராஜ் திறந்தான்.

உள்ளே மாப்பிள்ளை உண்மையாகவே மாப்பிள்ளை. பளபளவென்று தேய்த்துக் கழுவியிருந்தது. உடம்பெல்லாம் சந்தனம், குங்குமம். கண்ணாடி நுனியில் மூன்று கோடாகத் திருநீறு. கழுத்தில் சாமந்தி மாலை. பக்கத்தில் எலுமிச்சம்பழம், ஒரு பொட்டலம் பொரி.

"யக்கா," என்றான் முத்துராஜ். "பொண்ணு எங்கக்கா?"

நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மேடம் வந்து பார்த்தார். தும்மினார். பொரியில் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு சுவரில் சாய்ந்து அவரும் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. முத்துராஜ் விடாமல் திருநீற்றைத் தண்ணீரில் கரைத்து, அதில் வேறொரு மீட்டரை வைத்தான். எண் ஏறியது. "மேடம், திருநீறும் கடலக் காப்பாத்தும் போலிருக்கு" என்றான். அன்றைக்கு அவனுக்கு இரண்டு காப்பி.

சிரித்து முடித்ததும்தான் உறைத்தது. மாப்பிள்ளை கடலில் எவ்வளவு பொய் சொன்னது என்று இனி எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை.

தோழன் அழுக்கோடு வந்திருந்தது, கொட்டலசு மண்டி. விதிப்படி பார்த்தோம். அது கொஞ்சம் ஏறியதாகக் காட்டியதெல்லாம் அதன் பொய்தான். கடல் அசையவில்லை. பாட்டில் கணக்கும் வந்தது. ஊற்றிய சில நாளிலேயே ஊற்றிய இடத்துத் தண்ணீருக்கும் ஊற்றாத இடத்துத் தண்ணீருக்கும் வித்தியாசம் இல்லை. கடைசி நாள் வரைக்கும் இல்லை.

அப்படியென்றால் மாப்பிள்ளை ஏறியதும் பொய்தான் என்று நான் துள்ளினேன்.

"பார்த்தீங்களா அக்கா, நெனச்சீங்களா?"

நினைத்தேன்.

சந்தானம் சார் ஸ்வீட் பெட்டியோடு வந்தார். எங்கள் மேலதிகாரி ஒருவரும் கூட உட்கார்ந்தார். அவர்களுக்குத் தேவை ஒரே வாக்கியம். கடல் கரியமில வாயுவை இழுத்தது உறுதி செய்யப்படுகிறது.

"ஏறுதுல்ல மேடம்? ஏறினா என்ன அர்த்தம்?"

"மீட்டர் ஏறியிருக்கு சார். கடல் ஏறுச்சான்னு தெரியல. பாட்டில்ல ஏறல."

"பாட்டில் ஒரு நாளுக்கு ஒண்ணு. மீட்டர் எந்நேரமும் பாக்குது. எதை நம்புறது?"

"மீட்டரை நம்பணும்னா நீங்க கழுவாம அனுப்பியிருக்கணும்."

"சாமிக்குச் செஞ்சதையா குத்தம் சொல்றீங்க?"

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டேன். "சாமிய யாரும் ஒண்ணும் சொல்லல சார். சோப்பு போட்டத சொல்றோம்."

மேலதிகாரி என்னை முறைத்தார். மேடம் தும்மினார். பிறகு நிதானமாகச் சொன்னார். சார், சுண்ணாம்பு கரைந்தது உண்மை. அந்தத் தண்ணீர் காற்றிலிருந்து வாயுவை இழுக்க வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் அது எங்கேயோ போய்விட்டது. போன இடத்தில் இழுத்திருக்கலாம். இழுக்காமலும் இருந்திருக்கலாம். அடியில் இறங்கியிருந்தால் காற்றே பட்டிருக்காது. நாம் பார்க்கவில்லை. இன்னொன்று, சுண்ணாம்பைச் சுட்ட காளவாயில் எவ்வளவு வாயு வெளியே போனது? அதைக் கழிக்காமல் எதையும் சேர்க்க முடியாது. அடுத்த தடவை தண்ணீரோடு கூடவே மிதந்து போகும் கருவி வேண்டும், ஊற்றாத இடத்தில் இரண்டு மூன்று வேண்டும், செய்வோம், எனக்கும் ஆசைதான் என்றார்.

"கையெழுத்துப் போடலன்னா இந்த வேலைய வேற எடத்துல குடுத்துடுவேன்," என்றார் சந்தானம் சார்.

"அது அவங்க கையெழுத்து சார்," என்றார் மேடம். "என்னோடது இல்ல."

மேலதிகாரி அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். கடல் வேலை போனால் உங்கள் பிரிவே தேவையில்லை என்று சொன்னாராம். மேடம் வெளியே வந்து கணினி முன் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்றேன். அறிக்கை சின்னது. சுண்ணாம்பு ஊற்றப்பட்டதைப் பார்த்தோம். ஊற்றிய இடத்துத் தண்ணீர் சில நாளில் பழைய நிலைக்குத் திரும்பியதைப் பார்த்தோம். வாயு உள்ளே இழுக்கப்பட்டதா என்று பார்க்கவில்லை, எனவே சொல்ல முடியாது. முதல் கருவி சரிபார்ப்புக்கு முன் பூஜைக்காகக் கழுவப்பட்டுச் சந்தனம் பூசப்பட்டதால் அதன் பிந்தைய அளவுகளை ஏற்க இயலாது. சந்தனம் என்ற சொல் உள்ள பரிசோதனை அறிக்கை நாட்டிலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும். அவர் கையெழுத்துப் போட்டார். முத்திரையை நான் குத்தினேன், மேசை அதிரும்படி. அவ்வளவு சந்தோஷமாக என் வேலையில் நான் எதையும் குத்தியதில்லை.

அந்த வாரமே குப்பத்துக்குப் போனோம். தேசப்பன் வலையை உதறிக்கொண்டிருந்தார். மேடம் சொன்னார்.

"அண்ணா, ஊத்துன சுண்ணாம்பு இங்க நிக்கல. எங்க போச்சுன்னு எங்களுக்குத் தெரியல."

"தெரியலன்னு சொல்லவா ஒரகடத்துலேர்ந்து வந்தீங்க?"

"ஆமாண்ணா."

அவர் வலையைக் கீழே வைத்தார். "சரி. அடுத்த வாட்டி ஊத்துறதுக்கு முன்னாடி எங்கள ஒரு வார்த்த கேக்கச் சொல்லு," என்றார். திரும்பும்போது ஒரு பை நிறைய சங்கரா மீன் கொடுத்தார். ஏகாம்பரம் வேனை நிறுத்தி மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

கடல் வேலை போனது. மறு வருடம் பிரிவைக் கலைத்தார்கள். மேடம் வேறு ஊருக்கு வேலை மாறிப் போனார். நான் பழைய கேஜ்களுக்கே திரும்பி, 2015-இல் ஓய்வு பெற்றேன். யாரும் அழவில்லை. வழியனுப்பு விழாவிலும் சந்தன அறிக்கையைச் சொல்லித்தான் சிரித்தோம்.

இப்போது இந்த வீடியோ. மேடத்துக்கு போன் செய்தேன். "விடுங்க அக்கா" என்றார். நான் விடமாட்டேன். உங்களுக்கும் போன் செய்தேன், சந்தானம் சார். "நேர்ல வாங்கம்மா, காப்பி சாப்டுக்கிட்டே பேசலாம்" என்றீர்கள். வரமாட்டேன்.

புதிதாக நாலு ஊர்க் கடலில் ஊற்றப்போவதாக அதே மேடையில் சொன்னீர்கள். கடலில் சுண்ணாம்பு கரைப்பதற்கு நான் எதிரி இல்லை. ஒருநாள் அது வேலை செய்யக்கூடும். வேலை செய்தால் முதலில் ஆடப்போகிறவள் நான்தான். ஆனால் பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லி ஆரம்பித்தால், நாளை நிஜமாகப் பார்த்துச் சொல்பவரையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

எனவே எனக்குப் பதில் வேண்டும். திரையில் ஒரு கோடுதான் காட்டினீர்கள். ஊற்றாத இடத்து மீட்டரின் கோட்டை ஏன் நீக்கினீர்கள்? பாட்டில் கணக்கு எங்கே? எங்கள் அறிக்கையில் எந்த வரி "உறுதி செய்கிறோம்" என்று சொல்கிறது? காளவாய்ப் புகையை யார் கழித்தது? அந்த நாலு ஊரில் யாரைக் கேட்டீர்கள்? போனில் வேண்டாம், கடிதத்தில் வேண்டாம். அதே மேடையில், அதே மைக்கில், தேசப்பனையும் அந்த நாலு ஊர்க்காரர்களையும் முன்வரிசையில் உட்கார வைத்து, எங்கள் அறிக்கையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தமிழில் வாசித்துவிட்டு, பதில் சொல்லுங்கள்.